அங்கீகரிக்கப்பட்ட கை

தொன்மை மற்றும் மாற்றியமைத்த வாகனங்களின் பதிவு, பரிசோதனை, பாதுகாப்பு அலுவலகத்துக்கு இரண்டு கதவுகள் உண்டு. இடது கதவில் 'தொன்மை' என்று எழுதியிருக்கும். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும் வண்டிகளுக்கு அது. வலது கதவில் 'மாற்றம்' என்று எழுதியிருக்கும். யாராவது கை வைத்து எதையாவது மாற்றிய வண்டிகளுக்கு அது. வண்டி பழையதாகவும் இருந்து, அதில் கை வைத்தவரும் வந்து நிற்காவிட்டால் அதற்குக் கதவு கிடையாது. முற்றத்தில் நிற்க வேண்டும். முற்றத்தில் ஏகப்பட்ட வண்டிகள் நின்றன. சிலவற்றின் கூரை மேல் புல் முளைத்திருந்தது. அலுவலகத்தைக் குறை சொல்வதற்கில்லை. அந்தப் புல்லுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார்கள்.

பல்செட்டுக்காரர் அக்காவின் காரை ஓட்டிக்கொண்டு அங்கே நுழைந்தபோது இதெல்லாம் அவருக்குத் தெரியாது. கடைவீதியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவர் அவர். "அசல் மாதிரியே இருக்கும்" என்பதுதான் அவர் நாள் முழுக்கச் சொல்லும் வாக்கியம். எந்த அலுவலகத்தையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். காவலாளியைக் கண்டால், எந்தக் கட்டடத்துக் காவலாளி என்றுகூடப் பார்க்காமல் வணக்கம் வைத்துவிடுவார்.

கார் அத்தானுடையது. அத்தான் லேத் பட்டறை வைத்திருந்தவர். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிப் போய்விட்டது. கிளட்சை மிதிக்க அந்தக் காலால் முடியாது. அதனால் அத்தான் கியருக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி செய்து பொருத்தினார். அதைக் கையால் அமுக்கினால் கிளட்ச் கீழே இறங்கி அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும். கியரை மாற்றிவிட்டுப் பிடியை மெல்ல விடுவித்தால் வண்டி நகரும். பிடி அக்காவின் உள்ளங்கைக்கு என்றே செதுக்கியது. பல் அச்சு எடுக்கும் பசையைக் கிண்ணத்தில் குழைத்து, அக்காவை இறுகப் பிடிக்கச் சொல்லி, அந்த அச்சை எடுத்துக் கொடுத்தவர் பல்செட்டுக்காரர். மற்றதெல்லாம் அத்தான் கை.

அந்தக் காரில்தான் அக்கா காலை நேரத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பரிசோதனைக் கூடத்தில் கொண்டு சேர்ப்பாள். படுக்கையில் கிடக்கிறவர்களும், ஊசி என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிறவர்களும் அக்காவுக்கு மட்டும் கையை நீட்டுவார்கள். அவள் பிழைப்பே அதுதான். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு வண்டியை அவள் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது.

"நீ அலையாதக்கா. நான் பாத்துக்கிறேன். நமக்குத் தெரியாத ஆபீசா?" என்றார் பல்செட்டுக்காரர். அவருக்கு எந்த ஆபீசும் தெரியாது.

முகப்பு எழுத்தர் காரைச் சுற்றி வந்தார். கைப்பிடியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது கம்பெனியில போட்டதா?"

"இல்ல சார். எங்க அத்தான் போட்டது. அக்காவுக்குக் கால்ல கொஞ்சம்..."

"அப்ப வலது கதவு. போட்டவர் நேர்ல வரணும்."

"அவர் தவறிட்டாரு சார்."

"வர முடியாதா?"

"தவறிட்டாரு சார்."

"அதைத்தான் கேக்கறேன். வர முடியலைன்னா, ஏன் வர முடியலைன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

பல்செட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். எழுத்தர் கெட்ட மனிதர் அல்ல. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேற யாராவது 'நான்தான் போட்டேன்'னு வந்து நின்னாலும் சரிதான். ஆனா தகுதிச் சான்று கேப்பாங்க. இல்லைன்னா அவர் படம் அதோ அங்க போயிடும்" என்று வாசலைக் காட்டினார். வாசலில், தெருவில் போகிறவர்களெல்லாம் பார்க்கும்படி, ஒரு பெரிய பலகை இருந்தது. 'தகுதியற்றவர்கள்' என்ற தலைப்பின் கீழ் வரிசையாகப் புகைப்படங்கள். வெல்டர், பெயின்டர், சீட் தைப்பவர் எல்லோரும் கல்யாணப் படத்தில் நிற்பவர்கள் மாதிரி விறைப்பாக நின்றார்கள்.

பல்செட்டுக்காரர் அந்த வரிசையில் தன் முகத்தை வைத்துப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு எவன் தன்னிடம் வந்து வாயைத் திறப்பான்?

"இடது கதவுல போகலாமா சார்?"

"தாராளமா. கை வெச்சதையெல்லாம் கழட்டிட்டா தொன்மைதான்."

தப்பு அந்த இடத்தில்தான் நடந்தது. பிறகு நடந்ததெல்லாம் அதன் வால். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

இடது கதவின் ஆய்வாளர் கையுறை போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு வந்தார். டயரில் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள என்ன இருக்கு?"

"காத்து சார்."

"எப்ப அடிச்சது?"

"காலையிலதான்."

ஆய்வாளர் வருத்தத்தோடு தலையாட்டிவிட்டு, 'காற்று: பிற்காலத்தியது' என்று எழுதினார். இதற்கு அலுவலகம் வழி செய்து வைத்திருந்தது. கைவிடப்பட்ட பழைய டயர்களிலிருந்து சேகரித்த அந்தக் காலத்துக் காற்று பின்னறையில் உருளைகளில் இருந்தது. புதுக் காற்றை இறக்கிவிட்டுப் பழைய காற்றை ஏற்றினார்கள். டயர் கொஞ்சம் சப்பையாகவே இருந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று விளக்கினார்கள்.

அடுத்து ஆய்வாளர் தரையில் படுத்து அடித்தகட்டைப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"துருவே இல்லையே சார்!"

"எங்க அத்தான் ஒவ்வொரு மழைக்கும் முன்னாடி துடைச்சு எண்ணெய் பூசிடுவாரு. நல்லாப் பராமரிச்சு..."

"பராமரிப்பும் ஒரு மாற்றம்தான்."

அங்கீகரிக்கப்பட்ட துரு அலுவலகச் சிற்றுண்டிச் சாலையில் பொட்டலமாக விற்றது. பொடித் துரு, செதில் துரு என்று இரண்டு ரகம். பல்செட்டுக்காரர் பொடி வாங்கி, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, அத்தான் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றிய தகட்டில் பசை தடவித் துருவைத் தூவினார். கொஞ்சம் கண்ணில் விழுந்தது. கண் கலங்கியதற்கு அதுதான் காரணம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு பொருள் காரிலிருந்து இறங்கியது. அக்காவின் முதுகுக்கு வைத்த திண்டு, ஊன்றுகோலை மாட்டும் கொக்கி, ஐஸ் பெட்டி குலுங்காமல் உட்காரும் சின்னச் சட்டம். எல்லாவற்றையும் பையில் போட்டு மாடி அறைக்குக் கொண்டுபோய், அக்கா கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்.

அக்கா போனில் கேட்பாள். "என்னடா, கார் எப்ப வரும்? பஸ்ல ஏறி இறங்கறதுக்குள்ள ஐஸ் உருகிடுது. ரத்தம் கெட்டுப் போச்சுன்னு லேப்ல திருப்பி அனுப்பறாங்க. பாவம், ரிட்டையர்டு வாத்தியாருக்கு மறுபடி குத்த வேண்டியதாப் போச்சு. ஒண்ணும் சொல்லல, சுவத்தைப் பார்த்துக்கிட்டு கையை நீட்டினாரு."

"சின்னச் சின்ன வேலைதான்கா, முடியப் போகுது" என்று பூசி மெழுகுவார். போனை வைத்த பிறகு மனசு உறுத்தும். உறுத்தலோடு மறுபடி இடது கதவுக்குப் போவார்.

மிச்சம் இருந்தது கைப்பிடி. அது பெரிய விஷயம் என்பதால் தலைமை ஆய்வாளர் முன் விசாரணை வைத்தார்கள். அறைக்குள் நுழைந்ததுமே பல்செட்டுக்காரர் திடுக்கிட்டார். தலைமை ஆய்வாளரின் வாயில் மேல்வரிசை முழுக்கத் தன் வேலை. அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிற ரகம் அவர்.

"அசல்ங்கிறது பொருள் இல்லை சார், ஒழுக்கம்" என்று தொடங்கினார் தலைமை ஆய்வாளர். பல்வரிசை லேசாக நழுவியது. நாக்கால் மேலே ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் தொடர்ந்தார். "இந்த ரூம்ல நாங்க ஒரு ஆணியைக்கூட மாத்தினதில்லை. இந்த நாற்காலிக்கு ஒரு கால் கிடையாது. நான் வேலையில சேரும்போதே கிடையாது. மாத்தினேனா? சுவத்துல சாஞ்சே உட்கார்ந்து இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன். மின்விசிறி சுத்தாது. ஏன்? முதல் நாள்லேர்ந்தே அது சுத்தலை. மனுஷன் உடம்புல பிறக்கும்போது என்ன இருந்ததோ அதோட போய்ச் சேரணும். அதுல ஒண்ணைச் சேர்த்தா அது பொய், சார், பொய்!"

கடைசிப் பொய்யில் பல்வரிசை கடகடவென்று ஆடியது. பல்செட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அளவு கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று அவருக்கு அப்போதே தெரியும்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு வாக்குமூலம் தேவை என்றார்கள். எழுத்தர் சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும். "மேற்படி கைப்பிடியானது, தகுதியற்ற ஒருவரால், அவசியம் ஏதுமின்றி, வண்டியின் மதிப்பைக் குலைக்கும் வகையில் பொருத்தப்பட்டது."

பேனா நின்றுவிட்டது.

"சார், அவசியம் இருந்துச்சு. அக்காவுக்குக் கால்ல..."

"அவசியம் இருந்துதுன்னா அது மாற்றம். வலது கதவுக்குப் போகணும். போறீங்களா?"

ஜன்னல் வழியே பலகையின் முதுகு தெரிந்தது. பல்செட்டுக்காரர் பேனாவை மறுபடி காகிதத்தில் வைத்தார். எழுதினார். கையெழுத்துப் போடும்போது அத்தான் எதிரே நின்று பார்ப்பது மாதிரி இருந்தது. சிரித்த முகமாகப் பார்த்தார். அதுதான் தாங்க முடியவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தேதியையும் போட்டார்.

நட்டுகள் லேசில் வரவில்லை. கடைசி நட்டுக்கு அலுவலகமே சுத்தியல் கொடுத்து உதவியது. கைப்பிடியைத் துண்டில் சுற்றி மாடி அறை அலமாரியில் வைத்தபோது, அடுக்கில் இருந்த பல்செட்டுகள் எல்லாம் அவரைப் பார்த்து இளித்தன. அவர் செய்த பற்கள்தான். வேறு யாரைக் குற்றம் சொல்வது?

தொன்மைச் சான்று வழங்கும் நாள் வந்தது. முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலி வரிசை போட்டிருந்தார்கள். உரிமையாளர் தன் கையால் வண்டியை ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது விதி. அக்கா நல்ல உடை உடுத்திக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு வந்திருந்தாள். இங்கிருந்தே வேலைக்குப் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. எப்படியும் தெரியத்தானே போகிறது என்று தள்ளிப் போட்டார். தள்ளிப் போட்டது அக்காவை ஊர் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

அக்கா உள்ளே ஏறி ஊன்றுகோலை மாட்டப் போனாள். கொக்கி இல்லை. முதுகைச் சாய்த்தாள். திண்டு இல்லை. முகத்தைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள். பிறகு பழக்கத்தில் கையைக் கியர் பக்கம் கொண்டுபோய், விரல்களை மடக்கினாள். அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கையை அப்படியே வெறும் காற்றில் மடக்கி வைத்திருந்தாள்.

இந்த நேரத்தில், விதிப்படி, எழுத்தர் எழுந்து வாக்குமூலத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார். தகுதியற்ற ஒருவரால் என்ற இடத்தில் கூட்டம் உச்சுக் கொட்டியது. அவசியம் ஏதுமின்றி என்ற இடத்தில் தலைமை ஆய்வாளர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

அக்கா கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"அவசியம் இல்லாமன்னு எழுதினியாடா?"

"அவங்க சொல்லச் சொல்ல எழுதினதுக்கா..."

"கை உன்னுதுதானே?"

தலைமை ஆய்வாளர் நிலைமையைப் புரிந்துகொண்டு அன்போடு கிட்டே வந்தார். "ஓட்ட முடியலையேன்னு கவலைப்படாதீங்கம்மா. ஓடாத வண்டிக்குத்தான் எங்ககிட்ட முதல் தரம். ஓடினாத் தேயும், தேஞ்சா அசல் போயிடும். நீங்க குடுத்து வெச்சவங்க." கூட்டம் கை தட்டியது. அக்கா கதவைத் திறந்து இறங்கி, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவே ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வாசலுக்குப் போனாள். பஸ் நிறுத்தம் எதிரில்தான்.

முதல் தரக் காரைப் பல்செட்டுக்காரரே ஓட்டிப் போய் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினார். அக்கா வெளியே வரவில்லை.

மறுநாளிலிருந்து அவர் காலையில் அந்தப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். "பெட்டியைக் குடுக்கா, நான் தூக்கிட்டு வர்றேன்."

"வேணாம். பழகிடுச்சு."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு பேசினாள். அவருக்கு வேலை ஓடவில்லை. ஒருவருடைய கீழ்வரிசையை இன்னொருவருக்குக் கொடுத்து அனுப்பினார். அந்த மனிதர் ஊரெல்லாம் வேறொருவர் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு திரிந்தார். அலமாரியைத் திறந்தால் துண்டு. மூடினாலும் துண்டுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு புகைப்படத்துக்குப் பயந்து அக்காவின் கையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோமே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கடைசியில் துண்டுப் பொதியை அக்காவின் சமையலறை மேஜை மேல் கொண்டுபோய் வைத்தார்.

"வலது கதவுக்குப் போறேன்கா. நான்தான் இதைப் போட்டேன்னு சொல்லிடறேன்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து துண்டைப் பிரித்தாள். பிடியைத் தொடவில்லை.

"இது எனக்காகவா, உனக்காகவா?"

யோசித்துப் பார்த்தார். "தெரியலக்கா."

"அதுவரைக்கும் உண்மை" என்றாள் அக்கா. "ஸ்பேனரை எடுத்துட்டு வா."

அத்தான் இதைப் பொருத்தும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். எந்த வளையம் முதலில், எந்த நட்டு கடைசியில் என்று உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் தப்பாக முறுக்கும்போதெல்லாம், "பல்லு இல்லடா அது, தைரியமா முறுக்கு" என்றாள். அவரைக் கேலி செய்யும் அளவுக்கு இறங்கி வந்ததே அவருக்குப் பெரிதாக இருந்தது.

தொன்மையை ரத்து செய்ய முடியாது என்றார் எழுத்தர். "பழசான ஒண்ணு எப்படி சார் பழசில்லாமப் போகும்?" பிறகு அவரே வழியும் சொன்னார். அங்கீகரிக்கப்பட்ட துருவை அங்கீகரிக்கப்பட்ட திரவத்தால் கழுவினால் வண்டிக்கு வயது குறைந்துவிடுமாம். திரவமும் சிற்றுண்டிச் சாலையில்தான் கிடைத்தது.

வலது கதவு அறையில் அக்காவும் தம்பியும் காத்திருந்தார்கள். உள் கதவைத் திறந்துகொண்டு, கோட்டை மட்டும் கழற்றிவிட்டு, அதே தலைமை ஆய்வாளர் வந்தார். இங்கே அவருக்குச் சுழலும் நாற்காலி. அதன் கைகளில் பஞ்சு, கால்களில் சக்கரம், தலைக்கு மேல் ஒரு தனி விளக்கு.

"மாற்றம்தான் சார் உயிர்" என்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். "மாறாதவன் மரக்கட்டை. பக்கத்து ரூம்ல ஒருத்தர் இருக்காரு, ஒடிஞ்ச நாற்காலிக் காலைக்கூட மாத்த மாட்டேங்கறாரு. இந்த மாதிரி ஆளுங்களை வெச்சுக்கிட்டு ஒரு ஆபீஸ் எப்படி உருப்படும்? நான் எத்தனையோ தடவை மேல எழுதிப் போட்டுட்டேன். பதில் எழுத வேண்டியவரும் அவர்தான், என்ன பண்றது? சரி, இதைப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

எழுத்தர் பழைய வாக்குமூலத்தை உருவி எடுத்தார். "தகுதியற்ற ஒருவரால்னு இருக்கே?"

"அந்த ஒருத்தன் நான்தான் சார்."

"அவசியம் ஏதுமின்றின்னு உங்க கைப்பட எழுதியிருக்கீங்க."

"அது பொய் சார். அவசியம் இருந்துச்சு. அந்தப் பொய்யை எழுதினதும் நான்தான்."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமை ஆய்வாளர் முதல் தடவையாகப் பல்செட்டுக்காரரை உற்றுப் பார்த்தார். பிறகு வாய்க்குள் கையை விட்டு மேல்வரிசையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அறையில் இருந்த அதிகாரிகள் அனைவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள், பழக்கம்.

"இதுவும் நீங்க பண்ணதுதானே?" பல் இல்லாததால் வார்த்தைகள் குழைந்து வந்தன.

"ஆமா சார்."

"பேசும்போதெல்லாம் கழண்டுக்குது."

"சரி பண்ணித் தர்றேன் சார்."

"அது கிடக்கட்டும். ஒரு பல்லையே நிக்க வைக்கத் தெரியாத ஆள் போட்ட கைப்பிடி எப்படி சார் நிக்கும்? அம்மா நடுரோட்டுல போகும்போது கையோட வந்துட்டா? இது உயிர் விஷயம். அனுமதிக்க முடியாது."

'அது நான் போட்டதில்லை சார், என்னைவிட ஆயிரம் மடங்கு நல்ல கை போட்டது' என்று ஒரு வாக்கியம் பல்செட்டுக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் கார் போய்விடும். சொல்லாவிட்டால் அத்தானின் வேலை அவருடைய ஆட்டப் பல்லோடு சேர்ந்து கெட்ட பெயர் வாங்கும்.

"இழுத்துப் பாருங்க சார்" என்றாள் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே.

இழுவைச் சோதனை நடந்தது. முதலில் எழுத்தர் இழுத்தார். பிறகு எழுத்தரை ஆய்வாளர் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஆய்வாளரைச் சிற்றுண்டிச் சாலைக்காரர் பிடித்து இழுத்தார். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, எழுத்தரின் சட்டைப் பொத்தான் தெறித்தது, மூவரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். கைப்பிடி மயிரிழைகூட அசையவில்லை.

தலைமை ஆய்வாளர் பல்லை மாட்டிக்கொண்டு பல்செட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம்! பல்லைவிட இதை நல்லாப் பண்ணியிருக்கீங்க. இதுல மனசை வெச்சிருக்கீங்க சார், தெரியுது." மற்றவர்களும் புழுதியைத் தட்டிக்கொண்டு வந்து கை கொடுத்தார்கள்.

அத்தானுக்குச் சேர வேண்டிய கைகள். பல்செட்டுக்காரர் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். "நன்றி சார்" என்றார். அந்த வாக்குமூலத்தை எழுதியபோதுகூட இவ்வளவு கூசவில்லை. அக்கா பக்கம் திரும்பும் தைரியம் வரவில்லை.

பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு மரக் கையைப் பயபக்தியோடு எடுத்து வந்தார்கள். அது அலுவலகத்தின் நிலையான கை. எந்தக் கைப்பிடியும் அந்தக் கைக்குப் பொருந்த வேண்டும். அக்காவின் உள்ளங்கைக்குச் செதுக்கிய பிடியில் மரக் கை எப்படி வைத்தாலும் வழுக்கியது.

"பிடியில தப்பு" என்றார் ஆய்வாளர்.

"அது அக்கா கைக்குன்னு செஞ்சது சார்."

தலைமை ஆய்வாளர் யோசித்தார். "அம்மா, உங்க கையை இந்த அளவுக்குக் கொண்டுவர வாய்ப்பு இருக்கா?"

"கையை மாத்தறதுக்கு எந்தக் கதவு சார்?" என்று கேட்டாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை அவர்கள் உள் கதவை மூடிக்கொண்டு தீவிரமாக விவாதித்தார்கள். கடைசியில் அக்காவின் இடது கையை 'அங்கீகரிக்கப்பட்ட கை' என்று பதிவு செய்வது என முடிவாயிற்று. புறங்கையில் ஊதா மையில் முத்திரை குத்தினார்கள். ஆண்டுதோறும் கையைக் கொண்டுவந்து புதுப்பிக்க வேண்டும். கொண்டுவர முடியாத பட்சத்தில் கையே காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு வேலைகள் மிச்சம் இருந்தன. ஒன்று, வாசல் பலகைக்குப் புகைப்படம். "கொஞ்சம் விறைப்பா நில்லுங்க" என்றார் படம் பிடிப்பவர். பல்செட்டுக்காரர் தொழில் பழக்கத்தில் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துவிட்டார். அந்தப் பலகையில் சிரிக்கிற தகுதியற்றவர் அவர் ஒருவர்தான்.

இன்னொன்று பெயர்த் தகடு. மாற்றம் செய்தவரின் பெயர் மாற்றத்தின் பக்கத்திலேயே என்றென்றைக்கும் இருக்க வேண்டுமாம். இதை அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பித்தளைத் தகட்டில் 'பொருத்தியவர்' என்று பொறித்து, அதன் கீழே அவருடைய முழுப் பெயரையும் பொறித்து, அத்தானின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆணி அறைந்துவிட்டுப் போனார்கள். ஒவ்வோர் அடிக்கும் அவர் கண்ணை மூடித் திறந்தார். அக்கா இனி எத்தனை தடவை கியர் மாற்றினாலும், அத்தனை தடவையும் அது அவள் கண்ணில் படும்.

அக்கா காரை எடுத்தாள். அவர் பக்கத்தில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பலகையைக் கடந்தார்கள், தெருவைக் கடந்தார்கள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

"மூணு பேரு தொங்கினாங்க" என்றாள் அக்கா. "அசையல, பார்த்தியா?"

"பார்த்தேன்கா."

"அவர் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு."

"பயந்துட்டேன்கா" என்றார் பல்செட்டுக்காரர்.

"தெரியும்."

பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. அவர் மடியிலிருந்த பெட்டியின் பக்கப் பையைத் திறந்து, ஊசி குத்திய இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தாள். முத்திரை குத்திய கையால் ஒரு துண்டு கிழித்து, பித்தளைத் தகட்டில் அவர் பெயரின் மேல் ஒட்டினாள். முதல் எழுத்து மட்டும் வெளியே தெரிந்தது.

"அச்சு எடுத்தது நீதானே. அதுக்கு இது போதும்" என்றாள். "சோதனைக்கு வரும்போது பிரிச்சுக்கலாம்."

பிளாஸ்திரியின் ஓரம் சரியாக ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது. பல்செட்டுக்காரர் குனிந்து, அது ஒருநாளும் பிரிந்து வராதபடி, கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். விளக்கு பச்சைக்கு மாறியது. அக்கா அவர் கையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிடியைப் பிடித்தாள்.